46,000 நூல்கள், 15 இணைப்புகள்: ஒரு டேட்டாபேஸ் தளத்துக்கு ஹோஸ்டிங் தேடிய கதை

பின்னணி

இது ஒரு சிறிய இரவல் நூலகத்தின் இணையதளம். நடத்துபவர் ஓய்வுபெற்ற நூலகர். தன்னிடம் இருந்த நூல்களையும் நண்பர்கள் சிலரின் சேகரிப்பையும் ஒரே பட்டியலாக்கி, உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே தேடி முன்பதிவு செய்து வாங்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தார். தளத்தை எழுதிக்கொடுத்த நிரலாளர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். அன்றாடப் பராமரிப்பு கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் கையில், அதுவும் சம்பளமில்லாமல். நான் இவர்களுக்குத் தெரிந்தவன், சர்வர் வேலை கொஞ்சம் பார்த்தவன், அவ்வளவுதான்.

பக்கங்களை உருவாக்க பிஎச்பி மொழி, தரவை வைக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்று வழக்கமான அமைப்பு. நூல் அட்டவணையில் சுமார் 46,000 பதிவுகள், இரவல் பதிவேட்டில் 3,10,000. மொத்த டேட்டாபேஸும் 400 எம்பிக்குள். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை, ஒரு கைப்பேசியின் படத்தொகுப்பு இதைவிடப் பெரிதாக இருக்கும்.

இருந்த இடம் 'அன்லிமிடெட்' என்று விற்கப்பட்ட ஒரு ஷேர்ட் ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் இடம். மூன்றாண்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டி எடுத்தது, அதில் 20 மாதம் மீதி இருந்தது. புதுப்பிக்கும்போது கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்ற தகவல் ஒப்பந்தத்தில் இருந்தது. நாங்கள் அதைப் படித்தது இந்தச் சிக்கல் எல்லாம் தொடங்கிய பிறகுதான்.

அறிகுறிகள்

தளம் ஒரேயடியாக விழவில்லை. முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நாள்விட்டு நாள், 'டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை' என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும், ஐந்து பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும். "தம்பி, தளம் மறுபடி படுத்துடுச்சு" என்று நூலகர் அனுப்புவார். இளைஞர் திறந்து பார்ப்பதற்குள் அது எழுந்து நிற்கும். "இப்ப வருதே சார்" என்று பதில் போடுவார். இப்படியே நான்கு மாதம் ஓடியது. அந்த நான்கு மாதத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு விழுந்தது என்று யாரும் ஒரு வரி குறித்து வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினோம். உங்கள் கணக்கு வளங்களின் வரம்பைத் தாண்டுகிறது, மேல் திட்டத்துக்கு மாறுங்கள் என்று இரண்டு வரிப் பதில். அன்லிமிடெட் திட்டத்தில் எந்த வரம்பு என்று திருப்பிக் கேட்டதற்கு 'நியாயமான பயன்பாடு' என்ற விதியைக் காட்டினார்கள். எண் எதையும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்லிமிடெட் என்பது பெரும்பாலும் வட்டு இடத்தையும் மாதாந்திரத் தரவுப் போக்குவரத்தையும்தான் குறிக்கும், டேட்டாபேஸை நம்பி ஓடும் சிறிய தளம் அந்த இரண்டிலும் வரம்பைத் தொடுவதே அபூர்வம். அது முட்டிக்கொள்ளும் வரம்புகள் வேறு: ஒரே நேரத்தில் டேட்டாபேஸுக்குள் எத்தனை இணைப்புகள் திறக்கலாம், எத்தனை பிஎச்பி வேலைகள் கூடவே ஓடலாம், எவ்வளவு சிபியு நேரம், எத்தனை கோப்புகள். விளம்பரப் பக்கத்தில் இவை இருக்காது.

முதல் முடிவு: விபிஎஸ்

கோபத்தில் எடுத்த முடிவு என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு விபிஎஸ் (ஒரு சர்வரில் நமக்கென்று பிரித்துக் கொடுக்கும் பங்கு, பராமரிப்பும் நம் பொறுப்பு) எடுத்தால் வரம்பு நம் கையில் இருக்குமே என்று இளைஞர் சொன்னார், நானும் தலையாட்டினேன். 1 ஜிபி ராம் கொண்ட சிறிய ஒன்று. மாத வாடகை, பழைய இடத்தின் புதுப்பிப்புக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் வருவதைவிடச் சற்றே குறைவு. பழைய இடத்தில் பணம் திரும்பக் கிடைப்பது முதல் 30 நாளுக்குள் மட்டும் என்பதால் அந்த 20 மாதப் பணம் போனது போனதுதான்.

இளைஞர் ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் நிறுவி முடித்தார். தளம் முன்னைவிட வேகமாகவே வந்தது. பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அதிகாலை

3 மணிக்கு விழுந்தது, இந்த முறை தானாக எழவில்லை. காலை எட்டு மணிக்குத்தான் பார்த்தோம். சர்வரின் பதிவில் காரணம் தெளிவாக இருந்தது: நினைவகம் தீர்ந்துவிட்டது, லினக்ஸ் கெர்னல் அதிக இடம் பிடித்திருந்த வேலையைத் தேடிப்பிடித்து முடித்துவிட்டது. அந்த வேலை மைஎஸ்க்யூஎல். பிஎச்பி ஒரே நேரத்தில் 25 வேலைகள் வரை ஓடலாம் என்று ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து இளைஞர் போட்டிருந்தார். ஒவ்வொன்றும் 40 எம்பி பிடித்தால் அதுவே 1 ஜிபி, டேட்டாபேஸுக்கு எங்கே இடம்?

இதோடு முடிந்திருந்தால் மறுபடி இயக்கிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் இரவல் பதிவேடு, மைஎஸ்க்யூஎல் அட்டவணைகளைச் சேமிக்கும் முறைகளில் பழையதான மைஐசாம் வகையில் இருந்தது. மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பில் இன்னோடிபி என்ற வேறொரு முறை இயல்பான வகையாவதற்கு முன் எழுதப்பட்ட தளங்களில் இது சகஜம். பாதியில் கொல்லப்பட்டால் இன்னோடிபி போல மைஐசாமால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியாது. 'அட்டவணை சேதமடைந்துள்ளது' என்று பிழை வந்தது. பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்தோம், அட்டவணை திறந்தது, ஆனால் அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகளைக் காணவில்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கோப்பு ஒழுங்காக இருந்தது. ஒவ்வொன்றும் 20 பைட். ஜிசிப் என்ற சுருக்கும் நிரல் ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் வரும் அளவு அது. புது சர்வரில் டேட்டாபேஸ் கடவுச்சொல் மாறியிருந்தது, பேக்கப் எடுக்கும் கிரான் வேலையில் (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) பழையதே இருந்தது. டம்ப், அதாவது டேட்டாபேஸைக் கோப்பாக எடுக்கும் வேலை, தோற்றுப்போக, அதன் வெற்று வெளியீடு இரவுதோறும் அழகாகச் சுருக்கி, தேதி போட்டுச் சேமிக்கப்பட்டிருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கூத்து இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, வழக்கமான பேக்கப் வேலை பதிப்பு வேறுபாட்டால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

எங்களைக் காப்பாற்றியது அந்த வீணான 20 மாதம். பழைய கணக்கு இன்னும் உயிரோடு இருந்ததால் பன்னிரண்டு நாளுக்கு முந்தைய டேட்டாபேஸ் அப்படியே அங்கே கிடந்தது. இடைப்பட்ட இரவல்களை உறுப்பினர்களுக்குப் போன உறுதிப்படுத்தல் மின்னஞ்சல்களிலிருந்து நூலகர் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினார். இரண்டு நாள் ஆனது.

அளவெடுத்தோம்

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இப்போதுதான் செய்தோம். மெதுவான குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் தளம் கேட்கும் கேள்விகளை, பதிவு செய்யும் வசதி மைஎஸ்க்யூஎல்லிலேயே உண்டு. அதன் இயல்பான வரம்பு 10 நொடி, அதற்குக் கீழே எதுவும் பதிவாகாது. அதை 0.1 நொடியாக்கி ஒரு வாரம் விட்டோம். கூடவே யார் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்ற அணுகல் பதிவையும் எடுத்தோம், பழைய ஹோஸ்டிங்கில் கிடந்த பிழைப் பதிவையும் இறக்கிக்கொண்டோம்.

நூல் பட்டியல் பக்கம் ஒவ்வொன்றும் 40 நூல்களைக் காட்டும். ஒவ்வொரு நூலுக்கும் 'இப்போது கையிருப்பில் உள்ளதா' என்று இரவல் பதிவேட்டில் தனியாக ஒரு குவெரி போகிறது. பதிவேட்டில் நூல் எண் என்ற பத்திக்கு இண்டெக்ஸே (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்றது) இல்லை. ஆக 40 முறை, ஒவ்வொரு முறையும் 3,10,000 பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுகிறது. ஒரு புரட்டலுக்கு 0.15 நொடி என்றால் பக்கத்துக்கு 6 நொடி. இன்னோடிபியில் அட்டவணைகளை வெளிச்சாவியால் (ஓர் அட்டவணையின் பத்தி மற்றதன் பதிவைச் சுட்டும் இணைப்பு) பிணைத்திருந்தால் இந்த இண்டெக்ஸ் தானாகவே உருவாகியிருக்கும், மைஐசாமில் அப்படி எதுவும் இல்லை. போதாததற்கு, மைஐசாம் முழு அட்டவணையையே பூட்டும். யாராவது ஓர் இரவலைப் பதிவு செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் வாசிப்புகள் முடியும்வரை அந்தப் பதிவு காத்திருக்கும், அதன் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

பழைய இடத்தின் பிழைப் பதிவில் பெரும்பாலும் 1203 என்ற எண், இடையிடையே 1040. இந்த வேறுபாடு முக்கியம். 1203 என்றால் உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதித்த இணைப்புகள் தீர்ந்துவிட்டன. 1040 என்றால் சர்வர் முழுவதற்குமான இணைப்புகளே தீர்ந்துவிட்டன, அதாவது அக்கம்பக்கத்துத் தளங்களும் சேர்ந்து நெரிக்கின்றன. எங்கள் சிக்கலில் பெரும்பங்கு எங்களுடையது, கொஞ்சம் அவர்களுடையது. நிறுவனம் சொல்ல மறுத்த வரம்பும் டேட்டாபேஸிடமே கேட்டால் தெரிந்துவிட்டது. மேக்ஸ் யூசர் கனெக்‌ஷன்ஸ் என்ற மாறியைக் காட்டச் சொன்னால் போதும். 15.

பக்கத்துக்கு 6 நொடி, கூடவே 15 இணைப்புகள். அப்படியானால் நொடிக்கு இரண்டரைப் பக்கம்தான், அதற்கு மேல் யார் வந்தாலும் வெள்ளைப் பக்கம். அதிகாலை 3 மணிக்கு யார் வருகிறார்கள்? அணுகல் பதிவைப் பார்த்தால் தேடுபொறிகளின் பாட்கள் (பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் நிரல்கள்), இன்னும் பெயர் தெரியாத பாட்கள், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி என்று தேடல் வடிகட்டிகளின் அத்தனை சேர்க்கைகளையும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தன. அந்த வாரம் வந்த கோரிக்கைகளில் பத்தில் ஏழு பாட்களுடையது. ஷேர்ட் ஹோஸ்டிங்கில் அந்த 15 என்ற வரம்பு கதவைச் சாத்திக்கொண்டு சர்வரைக் காத்தது. விபிஎஸ்ஸில் நாங்கள் கதவையே கழற்றி வைத்திருந்தோம்.

சரிசெய்தது சின்ன வேலை. அட்டவணைகளை இன்னோடிபிக்கு மாற்றி, நூல் எண்ணுக்கு இண்டெக்ஸ் போட்டு, 40 குவெரிகளை ஒன்றாக்கினோம். பக்கம் 0.1 நொடிக்கு வந்தது. அதே 15 இணைப்பில் இப்போது கணக்குப்படி நொடிக்கு 150 பக்கம், நடைமுறையில் அதற்கு முன்பே வேறு ஏதாவது மூச்சு வாங்கும் என்றாலும். பாட்களுக்கான அறிவிப்பான ரோபோட்ஸ் கோப்பில் வடிகட்டிப் பக்கங்களைத் தடுத்தோம், மதிக்கிறவை மதித்தன.

பிறகு ஏன் மறுபடி இடம் மாற்றினோம்

விபிஎஸ் இப்போது நன்றாகவே ஓடியது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது மைஎஸ்க்யூஎல்லுக்குள் வரும் வாயிலான 3306 போர்ட் இணையம் முழுவதற்கும் திறந்து கிடந்தது, இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவியநாளிலிருந்து போடப்படவில்லை. இளைஞருக்குத் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. சர்வருக்கு வாடகை குறைவாக இருக்கலாம், அதைக் கவனிக்கும் ஆளின் நேரம் அந்த விலைப்பட்டியலில் இல்லை. இவர்களுக்குப் பொருத்தம் இயங்குதளத்தை வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் இடம்தான் என்பது என் முடிவு. நூலகருக்கு முழு உடன்பாடு இல்லை. "இப்பதான் நல்லா ஓடுதே, ஏன் கிளறணும்?" என்றார். போர்ட் விஷயத்தைச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

டேட்டாபேஸை மட்டும் தனிச் சேவையாக எடுக்கலாமா என்றும் யோசித்தோம். அதன் வாடகை விபிஎஸ்ஸைவிட அதிகம், தளம் ஓரிடம் டேட்டாபேஸ் வேறிடம் என்றால் ஒவ்வொரு குவெரிக்கும் போய்வரும் நேரம் சேரும். ஒரு முறைக்கு 30 மில்லிநொடி என்றாலும், தளத்தின் மற்ற பக்கங்கள் இன்னும் நாற்பது ஐம்பது குவெரி போட்டுக்கொண்டிருந்ததால், ஒரு நொடிக்கு மேல் சும்மா காத்திருக்க வேண்டும். விட்டுவிட்டோம்.

ஐந்து நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினோம். ஒரு பயனருக்கு எத்தனை டேட்டாபேஸ் இணைப்பு, மைஎஸ்க்யூஎல் அல்லது அதிலிருந்து பிரிந்த மரியாடிபியின் எந்தப் பதிப்பு, வரம்பைத் தாண்டினால் தளம் மெதுவாகுமா நின்றுவிடுமா, பேக்கப் அதே கட்டடத்தில் இருக்கிறதா வேறிடத்திலா, அதை நாங்களே இறக்கிக்கொள்ளலாமா, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு. கட்டடம் பற்றிக் கேட்டதைச் சிலர் விநோதமாகப் பார்த்திருக்கலாம். 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சிலருக்கு இரண்டுமே போயின.

இரண்டு பேர் எண்களோடு பதில் சொன்னார்கள். ஒருவர் விளம்பர வாசகத்தையே ஒட்டி அனுப்பினார், மற்ற இருவரிடமிருந்து பதிலே இல்லை. எண் சொன்ன இருவரில் ஒருவரிடம் மாதக் கட்டணத்தில் எடுத்து, டேட்டாபேஸின் நகலை ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்பை இரண்டு வாரம் ஓடவிட்டோம். வெறும் முகப்புப் பக்கத்தைத் தட்டினால் போதாது, டேட்டாபேஸைத் தொடும் ஒரு தேடல் பக்கத்தைத் தட்ட வேண்டும். நள்ளிரவில் ஒரு கேள்வியும் அனுப்பிப் பார்த்தோம், 40 நிமிடத்தில் கேள்வியைப் படித்துவிட்டு எழுதிய பதில் வந்தது. 99.9 சதவீத உத்தரவாதத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்படியே மாதம் 43 நிமிடம் நிற்கலாம், அதற்கு மேல் நின்றாலும் கிடைக்கும் ஈடு வாடகையில் சிறு கழிவுதான்.

இடமாற்றம்

டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவில் டிடிஎல் (மற்ற கணினிகள் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் காலம்) 86,400 நொடி, அதாவது ஒரு நாள். அதை இரண்டு நாள் முன்பே 300 ஆக்கினோம். டொமைனையும் மின்னஞ்சலையும் ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துத் தனித்தனி இடங்களில் வைத்தோம். மூன்றும் ஒரே கணக்கில் இருந்தால் ஒரு தகராறு வந்தால் மூன்றும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இரவல் பதிவை இரண்டு மணி நேரம் மூடி, டம்ப் எடுத்து, கட்டளை வரியில் ஏற்றினோம்.

ஏற்றியதும் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் தலைக்குமேல் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாக நின்றன. எழுத்துகளை பைட்களாக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். பழைய தளம் அந்த பைட்களை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று அறிவித்த அட்டவணையில் போட்டு, அதே பொய்யைச் சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே பொய் சொன்னதால் இத்தனை ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. விபிஎஸ்ஸுக்கு மாறியபோதும் இது தலைகாட்டியிருக்கிறது, இளைஞர் சர்வர் அமைப்பில் ஒரு வரி சேர்த்து அமுக்கிவிட்டார். இங்கே அந்த வரியைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

லத்தீன்-1 என்றே சொல்லி டம்ப் எடுத்து, கோப்பின் உள்ளே அட்டவணைகளின் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, மறுபடி ஏற்றியபோது எழுத்துகள் சரியாக வந்தன. வெறும் யூடிஎஃப்8 என்று போட்டால் மைஎஸ்க்யூஎல்லில் அது 3 பைட்டோடு நின்றுவிடும், தமிழுக்குப் போதும், எமோஜிக்குப் போதாது. இரண்டு மணி நேரம் என்று அறிவித்தது ஐந்து மணி நேரமாயிற்று.

அப்புறம் நடந்தது

பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று முறை நின்றது, மொத்தம் சுமார் இரண்டு மணி நேரம். அதில் ஒன்று நிறுவனத்தின் சேமிப்பகக் கோளாறு, 50 நிமிடம். நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. இன்னொன்று எங்கள் கைவேலை, கோப்பு ஒன்றை அரைகுறையாக ஏற்றியது. வாடகை பழைய இடத்தின் முதல் சலுகை விலையைப்போல் இரண்டு மடங்கு, ஆனால் அங்கே கட்டவேண்டியிருந்த புதுப்பிப்புக் கட்டணத்தைவிடக் குறைவு.

இரவுதோறும் டம்ப் எடுத்து வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகிறது. கோப்பின் அளவு முந்தைய நாளைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மூன்று பேருக்கும் மின்னஞ்சல் வரும். மாதம் ஒருமுறை இளைஞர் அதைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, கடைசி இரவல் எந்தத் தேதி என்று பார்த்து ஒரு வரி எழுதிவைக்கிறார். ஆறாவது மாதத்தில் இந்தச் சோதனைதான் ஒரு ஓட்டையைக் காட்டியது: புதிதாகச் சேர்த்த ஒரு அட்டவணை டம்பில் வரவே இல்லை, ஏனென்றால் அட்டவணைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருந்தோம். இப்போது முழு டேட்டாபேஸையும் எடுக்கிறோம்.

இன்று என்றால்

அந்த ஒரு வார அளவெடுப்பை முதலில் செய்திருப்பேன். செய்திருந்தால் இண்டெக்ஸ் போட்டுவிட்டு அதே பழைய இடத்தில் மீதி 20 மாதத்தையும் ஓட்டியிருக்கலாம், 1040 பிழை அவ்வப்போது தொந்தரவு செய்திருக்கும், அவ்வளவே. விழும் நேரங்களைக் குறித்து வைத்திருந்தால் பாட்கள்தான் காரணம் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். எந்த இடமானாலும் முதலில் மாதக் கட்டணம்தான், எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும்.

விபிஎஸ் தவறான தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன், இளைஞர் இன்றும் அதற்காக வாதாடுகிறார், கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் அவர் சொல்வது சரியே. இங்கே அந்த ஆள் அவர் ஒருவர்தான். படிப்பு முடிகிறது, வேலைக்குப் போகப்போகிறார். கடவுச்சொற்கள், மாதாந்திரச் சோதனை செய்யும் முறை, மூன்று நிறுவனங்களின் கணக்கு விவரம் எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதி நூலகரிடம் கொடுத்திருக்கிறார். அந்த நான்கு பக்கத்தை வாங்கிக்கொள்ள இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் அமையவில்லை.